அரசர் ஏறிய வாதிக்கல்

முன்னொரு காலத்தில், இன்றைக்குப் பெயர்கூட மறந்துபோன ஒரு நாட்டில், தில்லைக்கூத்தன் என்றொரு விகடகவி இருந்தான். அவன் வாயைத் திறந்தால் சபை குலுங்கும். ஆனால் அந்த வருஷம் அவன் மனம் நன்றாக இல்லை. பெரிய மகாராஜா காலமாகி, அவர் மகன் பட்டத்துக்கு வந்திருந்தார்.

பெரியவர் காலத்துச் சபை என்றால் அதுவல்லவோ சபை! நடுக்கூடத்தில் எதிரெதிரே இரண்டு கல். நஷ்டப்பட்டவன் வாதிக்கல்லில் ஏறுவான், எதிராளி பிரதிவாதிக்கல்லில். இருவரும் தொண்டை வற்றக் கத்தித் தீர்ப்பார்கள். பெரியவர் சிரித்துக்கொண்டே நஷ்டத்தை ஈடுகட்டச் சொல்வார். சண்டை போட்டவர்கள் ஒரே வண்டியில் வீடு திரும்புவார்கள். கூத்தன் அதை நினைத்து நினைத்து ஏங்கினான்.

இளையவருக்கோ மந்திரி அகோரமூர்த்தி வேறு மாதிரி ஓதிவிட்டார். "அரசே, தங்கள் நாட்டில் எந்தத் தவறு நடந்தாலும் அது தங்களுக்குச் செய்த தவறல்லவா?" இளையவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இனி எல்லாமே ராஜகுற்றம் என்று பறையடித்தாயிற்று. வரப்புத் தகராறுக்கும் தண்டனை, வாய்த் தகராறுக்கும் தண்டனை.

போதாத காலம், கூத்தன் வீட்டுப் பசு கட்டறுத்துக்கொண்டு போய் மந்திரியின் கரும்புக் கொல்லையில் மேய்ந்துவிட்டது. கூத்தனின் கேலிக்குப் பலமுறை ஆளான மந்திரி இதற்குத்தானே காத்திருந்தார்! கூத்தனை நாடு கடத்த வேண்டும் என்று வழக்கு வைத்தார்.

"இந்த வயசுல எங்க போய் நிக்கிறது?" என்று அவன் மனைவி பொன்னாச்சி மூக்கைச் சிந்தினாள்.

"சும்மா இரு, பாத்துக்கலாம்" என்றான்.

மறுநாள் சபையில் கூத்தன் பிரதிவாதிக்கல்லில் ஏறினான். மந்திரி எதிர்க்கல்லில் கால் வைத்தார்.

"இறங்குங்கள், மந்திரியாரே" என்றான் கூத்தன். "ராஜகுற்றத்தில் தவறு நடந்தது அரசருக்கு. தாங்கள் வெறும் சாட்சி, தூணோரம் நில்லுங்கள். இந்தக் கல்லில் அரசர்தான் ஏற வேண்டும்."

சட்டம் தாம் போட்டதாயிற்றே! அரசர் இறங்கி வந்து கல்லில் ஏறினார். "இவன் பசு கரும்பைத் தின்றது. இவனைத் தண்டிக்க வேண்டும்."

"யாரிடம் முறையிடுகிறீர்கள் அரசே? சிம்மாசனம் காலியாக இருக்கிறதே!"

அரசர் ஓடிப்போய் அமர்ந்தார். "ம், கேட்டுக்கொண்டேன்."

"இப்போது வாதியைக் காணோமே!"

அரசர் மறுபடி இறங்கினார், மறுபடி ஏறினார். கிரீடம் காதுவரை சரிய, வேர்த்து விறுவிறுத்துப் பாதிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மந்திரிக்குப் பொறுக்கவில்லை. "அரசே, இவனைத் துரத்திவிட்டு, கரும்புக்கு ஈடாக இவன் வீட்டை எனக்குக் கொடுங்கள்!"

"சாட்சிக்கு ஏது ஈடு?" என்றான் கூத்தன். "என் வீடு போனாலும் கஜானாவுக்குத்தான் போகும்."

"ஐயோ, நஷ்டம் என்னுடையது! நானல்லவா வாதி!" என்று அலறிக்கொண்டு மந்திரி கல்லில் தாவி ஏறினார்.

"அப்படியானால் இது நம் இருவர் வழக்கு. தின்ற கரும்பை நட்டுத் தருகிறேன், போதுமா?"

அரசர் படியில் உட்கார்ந்தபடியே விழுந்து விழுந்து சிரித்தார். புதுச் சட்டத்தை அங்கேயே நீக்கி, தம் முத்துமாலையைக் கழற்றிக் கூத்தன் கழுத்தில் போட்டார். "அப்படியென்றால் அந்தக் கல்லில் எனக்கு வேலையே இல்லையா, கூத்தா?"

கூத்தன் சிரிக்கவில்லை. "உண்டு அரசே. ஒருவன் கொலையுண்டால் அவனால் வந்து கல்லில் ஏற முடியாதே. அவனுக்காகத் தாங்கள்தான் நிற்க வேண்டும்."

அன்றே அரசர் கொலை வழக்குகளுக்குத் தீர்ப்புச் சொல்ல வேறொருவரை அமர்த்தினார். கொலை வழக்கு வந்த நாளெல்லாம் கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டு வாதிக்கல்லில் ஏறி, செத்தவன் பெயரைச் சொல்லி நியாயம் கேட்டார். அப்படியும் ஒரு அரசர் இருந்தார், அப்பா!