பூவில்லாத நாள்

இந்தக் கதையில் சிரிக்க ஓரிடம் உண்டு. கொஞ்சம் பொறுங்கள். கதையில் இருப்பவருக்கே அது புரிய மூன்று மாதம் ஆனது.

கொடைக்கானல் ஏரியைப் பார்த்த விடுதி ஒன்றில் சலேத்தம்மாள் தோட்ட மேஸ்திரி. வயது முப்பத்தெட்டு. அவருடைய தோட்டம் பருவத்துக்குப் பருவம் நிறம் மாறுமே தவிர, வெறுமையாக நின்றதில்லை.

அந்த ரகசியத்தைக் கற்றுக்கொள்ள வைகாசியில் ஆவுடையப்பன் வந்து சேர்ந்தார். வயது ஐம்பத்திரண்டு. தென்காசிப் பக்கம் குளத்தங்கரையில் ஒரு லாட்ஜ் கட்டியிருந்தார். ஆவணியில் திறப்பு. வாசலில் நிஜப் பூ நிற்கும் என்று மாமனார் வீட்டார் முன்னால் சவால் விட்டிருந்தார். தோற்றால் மைத்துனர் லாரி நிறையப் பிளாஸ்டிக் பூ கொண்டுவந்து இறக்கிவிடுவார்.

வந்த அன்றே கேட்டார்.

"எப்பவும் பூ நிக்கதுக்கு என்ன செய்யணும், மேஸ்திரியம்மா?"

"தோட்டத்துல பூவே இல்லாத ஒரு நாள் வரும், அண்ணாச்சி. அன்னைக்குச் சொல்றேன்."

அதிலிருந்து ஆவுடையப்பனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பல் துலக்கும்போதே பாத்தி பாத்தியாகப் போய்ப் பார்ப்பார். வைகாசியின் மஞ்சள் வாடினால் ஆனியின் நீலம் எட்டிப் பார்த்தது. ஒரு நாள் காஸ்மாஸ் தலை சாயத் தொடங்கியதும், கல்யாணச் செய்தி போல ஓடிவந்து சொன்னார். சலேத்தம்மாள் கையை மட்டும் நீட்டினார். வேலியோரம் டேலியா மொட்டு விட்டிருந்தது.

ஊரிலிருந்து மனைவி போன் செய்தார். பெயின்ட் காய்ந்துவிட்டது, போர்டு மாட்டியாகிவிட்டது, இனி உங்கள் போட்டோவை மாட்டி மாலை போடுவதுதான் பாக்கி என்றார். மைத்துனர் போனைப் பிடுங்கி, நாற்பது கலரில் சரக்கு வந்திருக்கிறது அத்தான், தண்ணீரே வேண்டாம், வாரம் ஒரு தரம் தூசி தட்டினால் போதும் என்று குழைந்தார்.

சிரிக்கிற இடம் இதுவல்ல.

மறுநாள் விடியுமுன் ஆவுடையப்பன் செருப்பைக் கழற்றிவிட்டுத் தோட்டத்தில் இறங்கினார். பூக்களைக் கிள்ளினார். பிய்த்தால் தடம் தெரியும் என்பதால், கணுவுக்குச் சற்று மேலே, பதமாகக் கிள்ளினார். வாடியதையும் விடவில்லை. அதுவும் பூதான் என்று மேஸ்திரி வாதாடினால் என்ன செய்வது. எல்லாவற்றையும் வேட்டி மடியில் கட்டி, எருக்குழியில் கொட்டி, மேலே தைலமர இலையை மூடினார். காலை இட்லிக்கு ஒன்றுமே அறியாதவர் போல வந்து உட்கார்ந்தார்.

தினமும் அதே வேலை. எல்லாப் பாத்தியையும் முடிக்குமுன் விடிந்துவிடும்.

ஒன்று கிள்ளிய இடத்தில் இரண்டு வந்து நின்றது. ஆடிச் சாரலில் சால்வியா சிவந்து வழிந்தது. மதுரையிலிருந்து வந்த குடும்பம் ஒன்று, பத்து வருஷமாக வருகிறோம், இப்படிப் பார்த்ததே இல்லை என்றது. மேனேஜர் வந்து, புதிதாக என்ன உரம் என்று விசாரித்தார். தென்காசியிலிருந்து வந்திருக்கிறது என்றார் சலேத்தம்மாள். அன்று மத்தியானம் முழுக்க ஆவுடையப்பன் அந்த உரமூட்டையைத் தேடினார்.

ஆவணி பிறந்தது. பையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"நீங்க சொன்ன நாள் வரவே இல்ல, மேஸ்திரியம்மா. வெறுங்கையோட போறேன்."

சலேத்தம்மாள் அவரைத் தன் குடியிருப்பின் பின்பக்கம் கூட்டிப்போனார். ஆவுடையப்பன் அதுவரை பார்த்திராத ஒரு பாத்தி. அதே காஸ்மாஸ், அதே சால்வியா. விதை முற்றி, பழுப்பேறி, சருகாக நின்றன. மருந்துக்கு ஒரு பூ இல்லை.

"முன்னால இருக்கறதும் இதுவும் ஒரே நாள்ல நட்டதுதான்," என்றார் சலேத்தம்மாள்.

"நோய் விழுந்துட்டோ?"

"இல்ல."

"தண்ணி?"

"அதே தண்ணிதான்."

"பெறகு இது மட்டும் ஏன் இப்படிப் போச்சு?"

"இந்தப் பக்கம் திருடன் வரல, அண்ணாச்சி."

ஆவுடையப்பன் இரண்டு கைகளையும் மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.