தவசி மறுக்கவில்லை

பேசவே பேசாத ஒருவரிடம் சம்மதம் வாங்க முடியுமா? வாங்கிவிட்டேன் என்றார் ரினால்தோ பிரபு.

அல்தேரியோ என்கிற தவசி, பணக்கார வீட்டை உதறிவிட்டு, மலைக்குகையில் ஆயுசு முழுக்க வாய் திறக்காமல் ஜெபித்தவர். ஊரார் கொடுத்த ரொட்டியிலும் பாதியை வழிப்போக்கர்களுக்குக் கொடுத்துவிடுவார். இறந்ததும் குகை வாசலிலேயே அடக்கம் செய்தார்கள். நோயாளிகள் வந்து கல்லறையைத் தொட்டு வேண்டிக்கொள்வார்கள். புனிதர் உடல் தன்னிடம் இருந்தால் பெருமை என்று, அதைத் தோண்டித் தன் கோட்டைக்குக் கொண்டுபோகத்தான் பிரபு ஆட்களோடு வந்திருந்தார். கோட்டைக்குள் ஏழைபாழைகளை யார் விடுவார்கள்?

ஆடு மேய்க்கும் தெக்லா, இடுப்புக் குழந்தையோடு குறுக்கே வந்து நின்றாள். "அவர் வரமாட்டார், எசமான்."

"அதைச் சொல்ல நீ யாருடி? அவரையே கேட்கிறேன்." பிரபு கல்லறை முன் முழங்காலிட்டார். "சாமி, என் கோட்டைக்கு வர்றீங்களா? இஷ்டமில்லைன்னா சொல்லிடுங்க."

சத்தமே இல்லை.

"பார்த்தீங்களா, மறுக்கலை! தோண்டுங்கடா!"

"கொஞ்சம் பொறுங்க. எனக்கும் ஒண்ணு கேட்கணும்." தெக்லாவும் முழங்காலிட்டாள். "சாமி, எசமானோட காட்டை எங்க ஆடுகளுக்கு எடுத்துக்கட்டுமா? கூடாதுன்னா இப்பவே சொல்லிடுங்க."

கல்லறை கம்மென்று இருந்தது.

"மறுக்கலையே, எசமான்!"

மண்வெட்டி பிடித்திருந்தவர்களே சிரித்துவிட்டார்கள். தெக்லா விடவில்லை. "அப்புறம் சாமி, அந்தக் கோட்டை..."

பிரபு பதறி எழுந்தார். "அம்மா தாயே, அவர் இங்கேயே இருக்கட்டும். தயவுசெஞ்சு இனிமே அவர்கிட்ட எதுவும் கேட்காதே!"