ரூட்டருக்கு என்ன பேர் வைப்பது?

அமலோற்பவம் டீச்சரிடம் வெள்ளைச்சாமி சீடராகச் சேர்ந்ததே ஒரு கூத்து. குருவைவிடச் சீடருக்கு வயது கூட. மில்லில் எலக்ட்ரீஷியனாக இருந்த மனுஷன், மில் மூடியதும், "எனக்கும் இந்த வைஃபை வேலையெல்லாம் கத்துக் குடுங்க டீச்சர்" என்று கடை வாசலில் வந்து நின்றுவிட்டார்.

டீச்சர் ஒரு காலத்தில் கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்தவர். சென்டர் போய்விட்டது, டீச்சர் என்கிற பேர் மட்டும் ஒட்டிக்கொண்டது. இப்போது திண்டுக்கல்லில், நாகல் நகர்ப் பக்கம், ரூட்டரும் கேமராவும் விற்கிற சின்னக் கடை வைத்திருக்கிறார்.

"நீங்க என்னை அண்ணேன்னு கூப்பிடுறீங்க. நான் எப்படி உங்களுக்கு சிஷ்யனா இருக்கறது?"

"கேள்வி கேளுங்கண்ணே. அது போதும்."

வெள்ளைச்சாமிக்குச் சொல்லவா வேண்டும்? அன்றிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறார். டீச்சர்தான் லேசில் வாயைத் திறப்பதில்லை.

"இத்தனை ரூட்டர் அடுக்கி வெச்சிருக்கோமே டீச்சர், இதுல எது நல்லது?"

அந்த நேரம் பார்த்து ஒருவர் கடைப்படி ஏறி வந்தார். தாலுகா ஆபீஸில் வேலை பார்க்கிற தனசேகரன். இஸ்திரி போட்ட சட்டை, சவரம் செய்யாத முகம்.

"இருக்கறதிலேயே பெருசா ஒண்ணு குடுங்கம்மா. ஆண்டெனா நிறைய இருக்கணும். பழசு போன வாரம் இடி விழுந்ததுல போயிருச்சு."

"வீட்ல எத்தனை பேர் சார்?"

"மூணு பேர்."

சொன்னவர் அப்படியே நின்றார். மேஜையில் கிடந்த ஒயரை எடுத்து, பார்த்து, திரும்ப வைத்தார்.

"ரெண்டு பேர்" என்றார். "ரெண்டே பேர்தான்."

பெரிய பெட்டியை எடுக்கப்போன கையை டீச்சர் இழுத்துக்கொண்டார்.

"மாடி இருக்கா சார்?"

"இல்ல. கீழ் வீடு. மூணு ரூம்."

இரண்டே ஆண்டெனா உள்ள சின்னப் பெட்டியை எடுத்து டீச்சர் அவர் முன்னால் வைத்தார். வெள்ளைச்சாமிக்குச் சப்பென்று ஆகிவிட்டது. வலிய வந்த வியாபாரத்தை இப்படியா விடுவார்கள்?

தனசேகரன் குரலைத் தாழ்த்தினார். "ஒரு விஷயம்மா. வந்து மாட்டும்போது பேரு, பாஸ்வேர்டு ரெண்டையும் புதுசா வெச்சுருங்க. பழசே இருக்கட்டும்னு என் சம்சாரம் சொல்லுவா. காதுல வாங்காதீங்க."

டீச்சர் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. "மத்தியானம் வர்றோம் சார்" என்றார்.

தனசேகரன் வீட்டு கேட் திறந்தே கிடந்தது. பழைய ரூட்டர் பின்னறை மூலையில், ஒரு கட்டிலை ஒட்டி இருந்தது.

"இதை யாரு இந்த மூலையில வெச்சது? அடுப்படிக்கு எட்டாதே" என்றார் வெள்ளைச்சாமி.

"எட்டாதுதான்" என்றார் இன்பவல்லி. தனசேகரனின் மனைவி அவர். "என் மகன் பாரிதான் தன் கட்டிலுக்குப் பக்கத்துலேயே வேணும்னு வெச்சுக்கிட்டான். நான் போன்ல ஏதாவது பார்க்கணும்னா இந்த ரூம் வாசல்ல வந்துதான் உக்காரணும்."

கட்டிலைத் தொட்டுப் பார்த்து, "அதுக்குத்தான் அங்க வெச்சானோ என்னமோ" என்றார்.

"தம்பி இப்ப எங்க இருக்காரு?"

கேட்டபிறகுதான் வெள்ளைச்சாமிக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார். கடித்து என்ன பிரயோஜனம்?

"ஆடி மாசம் பைக்ல போனான்" என்றார் இன்பவல்லி. "லாரி."

சுவரில் படம் இல்லை. மாலையும் இல்லை. மாட்டுவதற்குக் கணவர் விடவில்லை என்று அந்தம்மா கண்ணாலேயே கூடத்தைக் காட்டினார். கூடத்தில் தனசேகரன் செய்தித்தாளை விரித்து முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டிருந்தார்.

கட்டில் மேல் ஒரு போன் சார்ஜில் கிடந்தது. கண்ணாடி ஓரத்தில் விரிசல்.

"அவன் போன்தான். திறக்கற நம்பர் அவனுக்கு மட்டும்தான் தெரியும். ஒரு தடவை அணைஞ்சா அப்புறம் நம்பர் போடாம எதுவும் வராதுன்னு அவன் சிநேகிதன் சொன்னான். அதனால சார்ஜ் இறங்கவே விடறதில்ல. சிம் கார்டும் எப்பவோ கட் ஆயிருச்சு. இந்த வைஃபை இருந்தாத்தான் அது பேசும்."

"பேசுமா?"

"டிங்குனு ஒரு சத்தம் வரும். ஃபிரெண்ட்ஸெல்லாம் ஒரு குரூப் வெச்சிருக்காங்க. இவனை அதுலேர்ந்து யாரும் எடுக்கல. நாளைக்கு மேட்ச் இருக்கா, எவன்டா பந்து வாங்கறதுன்னு ஏதாவது பேசிக்குவாங்க போல. எனக்குப் படிக்க முடியாது. சத்தம் மட்டும் கேக்கும்." இன்பவல்லி போர்வையை நீவிவிட்டார். "இடி விழுந்ததுலேர்ந்து அதுவும் இல்ல. நீங்க பழைய பேரையே வெச்சுருங்கம்மா. பேரை மாத்துனா இந்த போன் உள்ள வராதாமே. திறந்து புதுப் பேரைச் சொல்லிக் குடுக்கவும் வழியில்ல."

"புதுப் பேர்தான்!" கூடத்திலிருந்து தனசேகரன் கத்தினார். செய்தித்தாள் கீழே விழுந்தது. "புதுசுதான் வைக்கணும். நான் கடையிலேயே சொல்லிட்டேன்."

"நான் உங்ககிட்ட வேற என்னங்க கேட்டேன்? இதையும் எடுத்துட்டா இந்த வீட்ல எனக்கு என்னங்க இருக்கு?"

"வேணாம் இன்பா. அந்தச் சனியன் புடிச்ச சத்தம் என்னால முடியல."

வெள்ளைச்சாமிக்கு மனசு கேட்கவில்லை. நாலு நல்ல வார்த்தை சொல்லலாம் என்று வாயைத் திறந்தார். "சார் சொல்றதும் சரிதானேம்மா. எத்தனை நாளைக்குத்தான் இதையே பிடிச்சுக்கிட்டு..."

"அண்ணே" என்றார் டீச்சர். "அந்த ஒயரைக் கொஞ்சம் பிடிங்க."

பிடிக்க ஒயர் எதுவும் அங்கே இல்லை. வெள்ளைச்சாமி புரிந்துகொண்டு வாயை மூடினார். ஆனாலும் மனுஷனுக்குச் சும்மா இருக்க முடியாதே. டீச்சர் பக்கத்தில் போய்க் கிசுகிசுத்தார்.

"ஒரு ரூட்டர்ல ரெண்டு பேர் வைக்கலாம்ல டீச்சர்? புதுசு ஒண்ணு, பழசு ஒண்ணு. ரெண்டு பேருக்கும் சரியாப் போயிரும்."

"வைக்கலாம்ணே. சத்தம் ஒண்ணுதானே, அது சார் காதுலயும் விழுமே."

டீச்சர் புது ரூட்டரைப் பின்னறையில் வைக்கவில்லை. வீட்டுக்கு நடுவில், கூடத்துக்கும் அடுப்படிக்கும் இடையில் இருந்த அலமாரியின் மேல் வைத்தார். மின்சாரம் கொடுத்தார். விளக்கு எரிந்தது. லேப்டாப்பைத் திறந்து கூடத்து மேஜையில் வைத்தவர், தனசேகரனுக்கு எதிரே உட்கார்ந்துகொண்டார்.

"சார், அந்தச் சத்தம் கேட்டா உங்களுக்கு என்ன ஆகுது?"

இப்படி ஒரு கேள்வியை அவரிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் போல. அவர் முதலில் கோபப்பட்டார். "என்ன ஆகும்? எரிச்சலா இருக்கும்."

டீச்சர் லேப்டாப்பிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

"கேட்டைப் பார்ப்பேன்" என்றார் தனசேகரன்.

"கேட்டையா?"

"அவன் வாசலுக்கு வரும்போதே அவன் போன் டிங்கு டிங்குனு அடிக்கும்மா. வண்டியை நிறுத்திட்டு, மெசேஜ் பார்த்துக்கிட்டே உள்ள வருவான். அந்தச் சத்தம் கேட்டா எனக்கு வந்துட்டான்னு இருக்கும். ஒவ்வொரு தடவையும். ஆபீஸ்ல எவன் போனாவது அப்படி அடிச்சாக்கூட எந்திரிச்சுடுறேன்." வாசல் பக்கம் பார்த்தார். "கேட்டைப் பூட்ட மாட்டேங்கறேன். ராத்திரி பூரா திறந்துதான் கிடக்குது. இவ கேட்டா மறந்துட்டேன்னு சொல்லுவேன்."

இன்பவல்லி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்தார். ஒரே வீட்டில் இருந்துகொண்டு இது அந்தம்மாவுக்குத் தெரியவில்லை. பாவம், எப்படித் தெரியும்? அவர் ஒரு அறையில் அழுதால் இவர் இன்னொரு அறையில் அழுதார்.

"நான் கேட்டைப் பார்க்கறதில்லங்க" என்றார் மெதுவாக. "அவன் வரமாட்டான். கடைசியா அவனைக் குளிப்பாட்டுனது நான்தானே, எனக்குத் தெரியாதா? அந்தச் சத்தம் கேட்டா, எம்புள்ளை பேரு இன்னும் நாலு பேரு நடுவுல இருக்குன்னு நினைச்சுக்குவேன். அவ்வளவுதாங்க. வேற ஒண்ணுமில்ல."

டீச்சர் லேப்டாப்பை தனசேகரன் பக்கம் திருப்பினார். திரையில் பெயர் எழுதும் கட்டம் காலியாக இருந்தது.

"உங்க வீடு சார். நீங்களே அடிங்க. புதுசோ பழசோ, நீங்க அடிக்கறதுதான்."

"எனக்கு இதெல்லாம் வராதும்மா."

"ஆபீஸ்ல அடிக்கறதுதானே சார்."

அவர் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பாரி வீடுன்னுதான் வெச்சிருந்தான்" என்றார். "வீடு கட்டுனது நான், பேரு உனக்கான்னு கேட்டேன். சுவரெல்லாம் உங்க பேர்ல இருக்கட்டும்பா, காத்து மட்டும் என் பேர்ல இருக்கட்டும்னான். திமிரு." சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. "கழுதை, என்ன பேச்சுப் பேசுவான்!"

பிறகு ஒற்றை விரலால் தட்டினார். பி, ஏ, ஆர், ஐ. இடம் விட்டு, வீடு. பாஸ்வேர்டை இன்பவல்லி மனப்பாடமாகச் சொன்னார். அதையும் தட்டினார்.

நாலு பேரும் பின்னறைப் பக்கம் திரும்பினார்கள்.

சத்தம் வரவில்லை.

தெருவில் தண்ணீர் வண்டி வந்து போனது. அப்போதும் வரவில்லை. இன்பவல்லி போய் அந்த போனைக் கையில் எடுத்துவந்தார். திரை கறுப்பாக இருந்தது.

"போயிருச்சு போல" என்றார். முகம் சுருங்கிவிட்டது. "அதுவும் போயிருச்சு."

கோளாறு எங்கே என்று வெள்ளைச்சாமிக்கு லேசாகப் பட்டது. இன்பவல்லியின் சொந்த போனில் பழைய பேர் இருக்கும், வாங்கிப் பார்த்துவிடலாம் என்று கையை நீட்டினார். டீச்சர் வேண்டாம் என்று தலையசைத்தார்.

தனசேகரன் லேப்டாப் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு ஏ" என்றார்.

யாருக்கும் விளங்கவில்லை.

"ரெண்டு ஏ போடுவான். பள்ளிக்கூடத்துல சேர்த்தப்போ நான் ஒரு ஏ தான் போட்டேன். பாரின்னுதான் எல்லாரும் படிப்பாங்கன்னு நினைச்சேன். காலேஜ்ல அதைப் பரின்னு படிச்சு, குதிரை குதிரைன்னு கூப்பிட்டுருக்கானுங்க. வந்து சண்டை. இன்னொரு ஏ போட்டு மாத்திக் குடுங்கப்பான்னு கெஞ்சுனான். சர்டிபிகேட்ல மாத்த அலையணும்டா, அப்பன் வெச்ச பேரு போதும் போன்னுட்டேன்." கன்னத்தில் வழிந்ததை அவர் துடைக்கவில்லை. "எதுல தன் இஷ்டத்துக்கு எழுத முடியுமோ அதுல எல்லாம் ரெண்டு ஏதான் போட்டான். நான் இன்னமும் ஒண்ணே போட்டுக்கிட்டு இருக்கேன் பாருங்க."

அடித்ததை அழித்தார். பி என்று தட்டினார். ஏ. இன்னொரு ஏ. அந்த இரண்டாவது எழுத்துக்கு விரல் போய்ச்சேர வெகுநேரம் ஆனது.

ரூட்டரின் விளக்கு அணைந்து எரிந்தது.

இன்பவல்லியின் கையில் இருந்த போன் ஒரு தடவை அதிர்ந்தது. டிங். அப்புறம் இன்னொன்று. அப்புறம் நிற்கவே இல்லை. ஒரு வாரமாக வெளியே காத்துக் கிடந்ததெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தது. இன்பவல்லி போனை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். அந்தச் சத்தம் அடிக்க அடிக்க அந்தம்மாவின் உடம்பே குலுங்கியது.

தனசேகரன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். வாசலுக்குப் போனார். கேட்டைப் பார்த்தார். தெருவைப் பார்த்தார்.

வெள்ளைச்சாமி பின்னாலேயே போகப் பார்த்தார். டீச்சர் அவர் சட்டையைப் பிடித்து நிறுத்தினார்.

சத்தம் ஓய்ந்தது. தனசேகரன் கேட்டை இழுத்துச் சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டார். திரும்பி வந்து மனைவிக்கு முன்னால் நின்றார்.

"போயிட்டான் இன்பா" என்றார். "நம்ம பாரி போயிட்டான்."

"ஆமாங்க" என்றார் இன்பவல்லி. "ஆமாங்க." மனைவியின் தோளில் சாய்ந்து, அந்தப் பெரிய மனுஷர் குழந்தை மாதிரி ஓலமிட்டு அழுதார்.

டீச்சர் லேப்டாப்பை மூடிப் பையில் வைத்தார். சொல்லிக்கொள்ளாமலேயே இருவரும் வெளியே வந்தார்கள். கேட்டைத் திறந்து, திரும்பத் தாழ்போட்டுவிட்டுப் போனது வெள்ளைச்சாமிதான்.

டீச்சர் ஸ்கூட்டரை ஓட்ட, வெள்ளைச்சாமி பின்னால் உட்கார்ந்திருந்தார். வழக்கமாக ஏறியதும் கேள்வியை ஆரம்பித்துவிடுகிறவர், பேகம்பூர் தாண்டும்வரை பேசவில்லை.

"நான் அந்தம்மாவுக்குத்தான் புத்தி சொல்லப் பார்த்தேன் டீச்சர்."

"ம்."

"அந்த போன் பழசு. கண்ணாடி வேற விரிசல் விட்டிருக்கு. என்னதான் சார்ஜ் போட்டாலும் ஒரு நாள் பேட்டரி போயிரும்."

"போயிரும்ணே."

"அந்தப் பசங்களும் கல்யாணம் காட்சின்னு ஆனதும் பேசுறதை விட்டுருவானுங்க. அந்தச் சத்தம் நிக்கத்தான் போகுது. அப்புறம் நாம அந்தப் பேரை வெச்சதுல என்ன டீச்சர் லாபம்?"

சிக்னலில் வண்டி நின்றது. டீச்சர் திரும்பிப் பார்க்கவில்லை.

"நிக்கும்ணே. நிக்கற அன்னைக்கு ரெண்டு பேரும் ஒரே ரூம்ல உக்காந்திருப்பாங்க."