நாலு பானை, ஒரு வேப்பமரம்

கூழ்வண்டி மரகதத்துக்கு முப்பத்தாறு வயசு. அவளிடம் தொழில் கற்க வந்த தேவசகாயத்துக்கு நாற்பத்தெட்டு. பிஸ்கட் கம்பெனியில் விற்பனை மேனேஜராக இருந்து வேலை போனவர். அவர் அவளை அக்கா என்றார். அவள் அவரை சார் என்றாள். ரெண்டு பேருக்கும் அதில் கஷ்டமில்லை.

லாரி ஸ்டாண்டு ஓரம் அவள் வண்டி. இன்னொரு வண்டி அவள் வீட்டு வாசலில் சங்கிலி போட்டுக் கிடந்தது. தேவசகாயத்துக்கு அது வேண்டும். வேற வழி அவருக்கு இல்லை.

"எங்கிட்ட கூழ் குடிக்கிறவங்க எத்தனை வகைன்னு சொல்லுங்க சார். சரியா சொன்னா வண்டி உங்களுக்கு. ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லலேன்னா வித்துடுவேன்."

அந்த வாரம் முழுக்க நோட்டில் எழுதினார். சனிக்கிழமை காலையில் வந்து, "நாலு வகை" என்றார்.

"காட்டுங்க."

ரோட்டோரம் வரிசையாக நாலு பானை வைத்தார். ஒவ்வொன்றிலும் ஓர் அட்டை. வேப்பமரத்தடியில் பிள்ளைகளுக்கு வெல்லக் கூழ். அடுத்து ஆபீஸ்காரர்களுக்கு மோர்க் கூழ். அப்புறம் லாரிக்காரர்களுக்குக் கெட்டிக் கூழ். தள்ளிக் கடைசியில் சர்க்கரை நோய்க்காரர்களுக்கு வெந்தயக் கூழ்.

எட்டு மணிக்குக் கூட்டம் வந்தது. வெந்தயத்தில் மட்டும் பதினெட்டு பேர். கெட்டிக் கூழ் பக்கம் ஒரு நாய்.

தேவசகாயம் துள்ளினார். "அக்கா! ஊர்ல பாதிப் பேருக்கு சுகர்! இனிமே வெந்தயம்தான்!"

"அப்படியா சார்" என்று மரகதம் வெங்காயம் உரித்தாள்.

மூட்டை தூக்கும் இருளப்பன் ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தான். "என்ன சார் இது, மருந்தா?"

"உங்களுக்கு எத்தனை வருஷமா சுகர்?"

"எனக்கா? கல்லைத் தின்னாலும் செரிக்கும்."

"அப்புறம் ஏன் இங்க நிக்கிறீங்க?"

"வேற எங்க நிக்கச் சொல்றீங்க?"

தேவசகாயத்துக்குப் புரியவில்லை. சத்தியமாகப் புரியவில்லை. நோட்டில் 'பிடிவாதக்காரர்கள்' என்று ஐந்தாவது வகை ஒன்றை எழுதினார்.

மணி ஆக ஆக வெந்தயக் கூட்டம் கெட்டிக் கூழுக்கு நகர்ந்தது. அங்கிருந்து மோருக்கு. பதினொரு மணிக்கு எல்லாரும் பிள்ளைகள் பானையில் நின்றார்கள். வெல்லக் கூழுக்குக் கருவாடு தொட்டுக்கொண்டார்கள்.

"இது பிள்ளைங்களுக்குங்க!"

"நானும் எங்க அம்மாவுக்குப் பிள்ளைதான்" என்றார் மீசைக்கார டிரைவர் ஒருவர். "ஊத்துங்க சார்."

பையோடு ஓர் ஆபீஸ்காரர் வந்தார். "சார், எனக்கு நிஜமாவே சுகர்."

தேவசகாயத்துக்கு உயிர் வந்தது. "வாங்க வாங்க! உங்க பானை அதோ, அங்க இருக்கு."

அவர் கையை நெற்றியில் வைத்து அந்தப் பக்கம் பார்த்தார். தார் ரோடு கொதித்தது.

"அங்கயா? அதுக்கு சுகரே பரவாயில்ல."

தேவசகாயம் வெந்தயப் பானையைப் பார்த்தார். கூட்டத்தின் காலடியைப் பார்த்தார். மரத்தை அண்ணாந்து பார்த்தார். காலையில் அந்தக் கோடியில் வெந்தயப் பானை மேல் விழுந்திருந்த நிழல், நகர்ந்து நகர்ந்து மரத்தடிக்கே வந்திருந்தது.

முதலில் இருளப்பன் சிரித்தான். அப்புறம் டிரைவர். அப்புறம் தேவசகாயம். அவர்தான் எல்லாரையும்விட அதிக நேரம் சிரித்தார். கண்ணில் தண்ணி வந்துவிட்டது.

"காலையிலயே சொல்லியிருக்கலாமே அக்கா!"

"சொல்லியிருந்தா இப்படிச் சிரிச்சிருப்பீங்களா?"

நாலு அட்டையையும் பிடுங்கி ஆளுக்கொன்றாக விசிறக் கொடுத்தார். மற்ற மூன்று பானைகளையும் அவரும் இருளப்பனும் மரத்தடிக்குத் தூக்கி வந்தார்கள்.

மரகதம் கை கழுவினாள். "வண்டிய எங்க போடறதா இருந்தீங்க?"

"பேங்க் எதிர்ல. நோட்டுல இருக்கு."

"இப்ப?"

"தெரியாதுக்கா. நாளைக்குக் காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் ரோட்டுல நடந்து பார்த்துட்டுத்தான் சொல்லுவேன்."

அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து, சங்கிலிச் சாவியை அவர் கையில் வைத்தாள்.

சாவி கையில் வந்தும் அவர் நகரவில்லை. நிழலுக்கு வெளியே நின்றபடியே நோட்டைத் திறந்தார், பேனா மூடியைக் கழற்றினார்.

"அப்ப மொத்தம் எத்தனை வகைக்கா?"

அவள் ஒரு சொம்பில் கூழை மொண்டு நீட்டினாள்.

"எட்டு மணியில இருந்து வெயில்லயே நிக்கிறீங்க. முதல்ல இப்படித் தள்ளி வாங்க சார்."