பதினேழாம் எண் குழாய்

பேராசிரியர் மங்கையர்க்கரசியின் ஆய்வகத்தில் ஒரு விதி உண்டு. உள்ளே யாரும் ஷூவைக் கழற்றக் கூடாது. செருப்போடு வந்த துறைத்தலைவரையே வாசலோடு திருப்பி அனுப்பியவர் அவர்.

அவரிடம் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்த சௌரிமுத்து, அவரைவிட எட்டு வயது மூத்தவர். இருபது வருடம் தோல் மருத்துவராக ஊரார் மச்சத்தையெல்லாம் பார்த்துச் சலித்து, படிக்க வந்த மனிதர். தோல் புற்றுநோய்க் கட்டிகளின் சாற்றை எண்ணிட்ட குழாய்களில் எடுத்து, செல்லுக்குள் வளையமாக மூடிக் கிடக்கும் வட்ட ஆர்.என்.ஏ. என்ற மூலக்கூறு அதில் எவ்வளவு இருக்கிறது என்று அளப்பது அவர் வேலை.

மூன்று வாரமாக அவருக்குச் சோறு இறங்கவில்லை. மற்ற குழாய்களெல்லாம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவை. பதினேழாம் எண் மட்டும் அவருடைய வலது உள்ளங்காலில் இருந்த கறுப்புத் தடம். கிளினிக் கதவைச் சாத்திக்கொண்டு, தானே மரத்துப்போக ஊசி போட்டு, தானே ஒரு துணுக்கை வெட்டியெடுத்தார். யாரிடமும் சொல்லவில்லை. பயம்.

அன்று காலை திரையைக் காட்டிக் கேட்டார்.

"மேடம், பதினேழுல இந்த வட்டம் ஆறு மடங்கு இருக்கு. அப்போ புற்று வேகமா வளருமா?"

பேராசிரியர் அந்தக் குழாயை வாங்கினார். குழாயில் மிச்சமிருந்ததில் ஒரு சொட்டு எடுத்து, ஆர்.என்.ஏ.வைத் தின்னும் நொதியைச் சேர்த்துச் சூட்டில் வைத்தார். பிறகு அளக்கும் கருவியில் ஏற்றினார். முடிவு வர மதியமாயிற்று. நீள இழைகளான சாதாரண ஆர்.என்.ஏ.வைக் காணோம். வட்டம் அப்படியே இருந்தது.

"இது மட்டும் ஏன் தப்பிச்சுது?"

"நொதி நுனியிலிருந்துதான் தின்னும். வட்டத்துக்கு நுனி கிடையாதே, மேடம்."

"நல்லாத் தெரிஞ்சு வெச்சிருக்கீங்க. இந்தச் சோதனையை எத்தனை தடவை செஞ்சீங்க?"

"நாலு தடவை."

"மத்த நம்பரெல்லாம்?"

"ஒரு தடவை."

பேராசிரியர், பதினேழுக்கு எதிரே 'வலது உள்ளங்கால்' என்று மட்டும் எழுதியிருந்த குறிப்பேட்டை மூடினார்.

"புற்றை வளர்க்கிற வட்டமும் இருக்கு, அடக்குற வட்டமும் இருக்கு. இது எந்த ரகம்னு கண்டுபிடிக்க ரெண்டு வருஷமாவது ஆகும். பதினேழாம் நம்பர்காரர் அதுவரைக்கும் காத்திருப்பாரா?"

சௌரிமுத்து குழாயின் மூடியைத் திறந்து திறந்து மூடினார்.

"அவரோட பயாப்சி ரிப்போர்ட் என்ன சொல்லுது?"

"ஆஸ்பத்திரிக்கு அனுப்பல."

"ஏன்?"

எத்தனையோ பேரிடம் 'நாளைக்கே போய்க் காட்டுங்க' என்று அதட்டிய வாய் அது. இப்போது முணுமுணுத்தது.

"அங்க சீட்டுல பேர் எழுதணும், மேடம்."

பேராசிரியர் எழுந்து போய்க் கதவைத் தாழிட்டார். இன்னொரு நாற்காலியை இழுத்து, அவர் கால் நீட்ட வசதியாகப் போட்டார்.

"ஷூவைக் கழட்டுங்க, டாக்டர்."