அறுநூற்றுப் பதின்மூன்றாவது வரி

பக்கத்து நாட்டோடு முறைத்துக்கொண்டிருந்த ஒரு நாட்டின் கடற்கரையில் ஒரு பயிற்சிக் கூடம் இருந்தது. எதிரி ஏவும் ஏவுகணையை வானத்திலேயே மறித்து அடிப்பது எப்படி என்று அங்கே சொல்லிக்கொடுத்தார்கள். சொல்லிக்கொடுத்தவர் வேதவல்லி. வயது முப்பத்தாறு. அவரிடம் படித்தவர்கள் அவரைக் குரு என்பார்கள், பாதி மரியாதையிலும் பாதி பயத்திலும்.

சீடர் மேஜர் நெல்லையப்பனுக்கு வயது நாற்பத்தொன்பது. பத்து நாளில் அவர் துறைமுகப் பிரிவின் ஏவு நாற்காலியில் உட்கார வேண்டும். அதற்கு வேதவல்லியின் கையெழுத்து வேண்டும். கிடைக்காவிட்டால் ஓய்வு பெறும்வரை கிடங்கில் கம்பளி அடுக்க வேண்டியதுதான்.

ஏற்கெனவே இரண்டு முறை கேட்டுவிட்டார். கிடைக்கவில்லை.

அவரிடம் ஒரு சிவப்பு நோட்டு இருந்தது. அந்தத் துறையில் புழங்கும் சுருக்கப் பெயர்கள் அறுநூற்றுப் பன்னிரண்டையும் வரிக்கு ஒன்றாக அதில் எழுதி மனப்பாடம் செய்திருந்தார். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். கேட்காவிட்டாலும் சொல்வார், அதுதான் தொல்லை.

மூன்றாம் முறையாக வந்து நின்றார்.

"மேடம், அறுநூத்திப் பன்னெண்டும் எனக்குத் தெரியும். இன்னும் என்னதான் தெரியலைன்னு நீங்களே சொல்லுங்க."

வேதவல்லி திரையைக் காட்டினார்.

"உக்காருங்க."

அந்தக் கூடத்தில் ஒரு கண்டிப்பான வழக்கம் உண்டு. பயிற்சி நேரத்தில் யாரிடம் எதைச் சொன்னாலும் 'பயிற்சி, பயிற்சி, பயிற்சி' என்று மூன்று முறை சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். இல்லாவிட்டால் கேட்பவர் நிஜம் என்று நம்பிவிடுவார். மறந்தவருக்குப் பூஜ்யம். பூஜ்யம் வாங்கியவருக்குக் கையெழுத்துப் போடுவதும் போடாததும் ஆசிரியர் இஷ்டம். வேதவல்லி இதுவரை போட்டதில்லை.

நெல்லையப்பன் ஒரு நாளும் மறந்ததில்லை. ஒருமுறை அவர் மனைவி போனில் கூப்பிட்டபோதுகூட மூன்று முறை பயிற்சி சொல்லிவிட்டுத்தான் ஹலோ சொன்னார்.

திரையில் இரண்டு புள்ளிகள் கிளம்பின. ஒன்று துறைமுகத்தை நோக்கி வந்தது. இன்னொன்று அதற்கு வடக்கே, வரைபடத்தில் வெறும் வெள்ளையாக இருந்த ஓர் இடத்துக்குப் போனது. மறித்து அடிக்க நெல்லையப்பனிடம் ஒரே ஒரு கணைதான் மிச்சம் இருந்தது.

"பயிற்சி, பயிற்சி, பயிற்சி. டி.பி.எம். ரெண்டு. ஒண்ணு டி.ஏ.எல். உள்ள, என்கேஜ். இன்னொண்ணு டி.ஏ.எல். வெளிய, டிராப்."

டி.பி.எம். என்பது எதிரி ஏவுகணை, என்கேஜ் என்றால் அடிப்பது, டி.ஏ.எல். என்பது காப்பாற்ற வேண்டிய இடங்களின் பட்டியல். துறைமுகம் அதில் உண்டு. அந்த வெள்ளை இடம் இல்லை. பட்டியலில் இல்லாத இடத்துக்குப் போகும் புள்ளியைத் திரையிலிருந்து அழித்துவிட வேண்டும், கண்ணை உறுத்தக் கூடாது என்பதற்காக. நெல்லையப்பன் பொத்தானை அழுத்தினார். புள்ளி மறைந்தது.

அறிக்கையில் 'லீக்கர் ஒன்று' என்று எழுதினார். தப்பி வந்து விழுவதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் லீக்கர்.

"எங்க விழுந்துச்சு?" என்றார் வேதவல்லி.

"டி.ஏ.எல். வெளிய, மேடம்."

"அங்க என்ன இருக்கு?"

"ஓப்பன் ஏரியா."

"திரையில இருக்கிறது இந்தக் கரையோட மேப்புதான். அந்த இடம் இங்கேருந்து ஏழு கிலோமீட்டர். வெளிய பைக் நிக்குது. போய்ப் பார்த்துட்டு வாங்க."

"எதைப் பார்க்கணும்?"

"அதையும் நானே சொல்லணுமா?"

அவர் போனார். பகல் பதினோரு மணி. திரும்பி வந்தபோது முகம் கருத்திருந்தது. நோட்டைப் பிரித்து வாசித்தார்.

"பயிற்சி, பயிற்சி, பயிற்சி. உப்பளம். பேக்ஸ் நாற்பத்து மூணு. ஸ்ட்ரக்சர் ஒண்ணு, டைப் சி. வெப்பன் இல்ல. சுத்திலும் மறைப்பு இல்ல, எல்.ஓ.எஸ். கிளியர்."

"பேக்ஸ்னா?"

"ஆளுங்க, மேடம்."

"அப்ப ஆளுங்கன்னு சொல்றதுல என்ன கஷ்டம்? டைப் சின்னா?"

"ஓலைக் கொட்டகை."

வேதவல்லி நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"மறுபடி போங்க. இந்தத் தடவை அவங்ககிட்ட நாம இங்க என்ன பண்றோம்னு சொல்லிட்டு வாங்க."

மறுநாள் போனார். உப்பளத்துப் பெண்களைக் கொட்டகையின் நிழலில் உட்காரவைத்து அரை மணி நேரம் விளக்கினார். எதிரி ஏவியதும் ராடார் பிடிக்கும். ராடார் பிடித்ததும் ஐ.பி.பி. கணக்காகும், அதாவது விழப்போகும் இடம். பிறகு பி.கே., அதாவது ஒரு கணை அதை அடித்துவிடும் வாய்ப்பு. பெண்கள் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு கேட்டார்கள். அவர்களுடைய கங்காணி சண்முகக்கனி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு எழுந்து நின்றாள்.

"சார், எங்க தலையில விழுமா, விழாதா?"

"பி.கே. பாயிண்ட் எட்டு."

"அப்படின்னா விழும்கீயளா?"

"நீங்க டி.ஏ.எல்.ல இல்ல. அதனால உங்களுக்கு பி.கே. அப்ளை ஆகாது."

சண்முகக்கனி அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"வேல கெடக்கு சார். வெயில் ஏறுது."

எல்லோரும் எழுந்து போய்விட்டார்கள். நெல்லையப்பன் கொட்டகையில் தனியாக நின்றார். அவருக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. நேராகப் பயிற்சிக் கூடத்துக்கு வந்து மேசை மேல் நோட்டைப் போட்டார்.

"அவங்களுக்குப் புரியலை மேடம். எவ்வளவு எளிமையா சொல்லியும் புரியலை."

"அவங்க என்ன கேட்டாங்க?"

"விழுமா, விழாதான்னு."

"நல்லாப் புரிஞ்சிருக்கே. நீங்க என்ன சொன்னீங்க?"

அவர் தான் சொன்னதைச் சொன்னார். வேதவல்லி சிவப்பு நோட்டை எடுத்துத் தன் இழுப்பறையில் வைத்துப் பூட்டினார்.

"நாளைக்கு மறுபடி போங்க."

"நோட்டு?"

"இங்கேயே இருக்கட்டும்."

"மேடம், எனக்கு இன்னும் எட்டு நாள்தான் இருக்கு. நான் இருபத்தேழு வருஷம் சர்வீஸ். உப்பு எப்படி விளையுதுன்னு பார்க்கவா இங்க வந்தேன்?"

"போங்க, மேஜர்."

மூன்றாம் நாள் நோட்டு இல்லாமல் போனார். நோட்டு இல்லாததால் சொல்லவும் எதுவும் இல்லை. கொட்டகையில் உட்கார்ந்தார். பெண்கள் பலகையால் உப்பை இழுத்து வரப்பில் குவித்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளைத் தரையிலிருந்து எழும்பிய வெளிச்சம் கண்ணைக் கூசவைத்தது. ஒரு மணி நேரம் அப்படியே இருந்தார். சண்முகக்கனி ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"இன்னைக்கு ஒண்ணும் சொல்லலியா சார்?"

"இல்ல." தண்ணீரைக் குடித்தார். "வானத்துலேருந்து ஏதாச்சும் விழுந்தா நீங்க எங்க போவீங்க?"

"எங்க போவ? ஊருக்கு நடந்தா ஒரு மணி நேரம்."

"பக்கத்துல பள்ளம் எதுவும் இருக்கா?"

"கடத்தண்ணி வார வாய்க்கா இருக்கு. குத்தவச்சா தல வெளிய தெரியாது. தண்ணி கணுக்கால் மட்டும்தான்."

"கடைசிப் பாத்தியிலேருந்து அங்க ஓடிவர எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஓடிப் பாத்ததில்ல."

"ஓடிக் காட்டுங்களேன்."

"வெளாடுதியளா சார்?" என்றாள். ஆனால் போனாள். கடைசிப் பாத்தியிலிருந்து ரப்பர் பூட்ஸோடு ஓடிவந்தாள். மற்றப் பெண்கள் பலகையை ஊன்றிக்கொண்டு சிரித்தார்கள். நெல்லையப்பன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஐம்பது விநாடி.

மூச்சு வாங்கிக்கொண்டு நின்றவளிடம் போன் இருக்கிறதா என்று கேட்டார். இடுப்பில் பிளாஸ்டிக் உறைக்குள் முடிந்து வைத்திருந்தாள். எண்ணை அவர் உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்.

அன்று மாலை வேதவல்லி அவர் உள்ளங்கையில் இருந்த எண்ணைப் பார்த்தார். நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். நெல்லையப்பன் கடைசிப் பக்கத்தைப் பிரித்து, அறுநூற்றுப் பன்னிரண்டாவது வரிக்குக் கீழே அந்த எண்ணை எழுதினார். வியர்வையில் ஓர் இலக்கம் கலைந்திருந்தது. அது மூன்றா எட்டா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, எட்டுதான் என்று உறுதி செய்துகொண்டார்.

"நாளைக்குப் பத்து மணிக்குத் தேர்வு," என்றார் வேதவல்லி.

தேர்வன்று அறையில் மூன்று பேர் இருந்தார்கள். திரைக்கு முன்னால் நெல்லையப்பன். பக்கத்தில் பதிவு எழுத ஹவில்தார் சார்லஸ். பின்னால் மதிப்பெண் தாளோடு வேதவல்லி. மேசை மேல் ஒரு தொலைபேசி இருந்தது. வெளியே பேசக்கூடிய இணைப்புதான், ஆனால் தேர்வின்போது அதை யாரும் தொட்டதில்லை.

இரண்டு புள்ளிகள் கிளம்பின. அதே துறைமுகம். அதே வெள்ளை இடம். கையில் ஒரே ஒரு கணை.

துறைமுகத்துக்கு வந்ததை நெல்லையப்பன் அடித்தார். அங்கே எண்ணெய்த் தொட்டிகள் இருந்தன, அவற்றைச் சுற்றி ஓர் ஊரே இருந்தது. அதில் அவர் யோசிக்கவில்லை, யோசிக்கவும் கூடாது.

இரண்டாவது புள்ளி நகர்ந்துகொண்டிருந்தது. மூலையில் நேரம் ஓடியது. இரண்டு நிமிடம், பத்து விநாடி. அவர் விரல் அழிக்கும் பொத்தானுக்கு மேலே போய் நின்றது.

"சார், டிராப் பண்ணணும்," என்று சார்லஸ் மெதுவாக நினைவூட்டினார்.

நெல்லையப்பன் கையை எடுத்தார். நோட்டின் கடைசிப் பக்கத்தைப் பிரித்தார். தொலைபேசியை எடுத்து எண்களை அழுத்தினார். மணி ஐந்து முறை அடித்தது. அவருக்கு நெற்றியில் வியர்வை பூத்தது.

"அலோ, யாரு?"

"சண்முகக்கனி, நான் மேஜர். உங்க பக்கம் ஒண்ணு வருது. எல்லாரையும் வாய்க்காலுக்குள்ள இறக்குங்க. குத்தவச்சு உக்காருங்க, தலையைத் தூக்காதீங்க. நான் சொல்ற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது."

"நெசமாவா சார்?"

"கடைசிப் பாத்தியில இருக்கிறவங்களை முதல்ல கூப்பிடுங்க. ஓடுங்க!"

போனை வைத்தார். புள்ளி வெள்ளை இடத்தைத் தொட்டது. நேரம் பூஜ்யத்துக்கு வந்தது. திரை அணைந்து, தேர்வு முடிந்தது என்று எழுத்து வந்தது.

சார்லஸ் தொண்டையைக் கனைத்தார்.

"மேடம், பதிவுல எழுதணும். சார் 'பயிற்சி' சொல்லல."

"கேட்டேன்."

"ஒரு தடவைகூடச் சொல்லல."

"காது நல்லாத்தான் கேக்குது, சார்லஸ்."

அப்போதுதான் நெல்லையப்பனுக்கு உறைத்தது. முகம் வெளுத்தது. இருபத்தேழு வருடத்தில் முதல் முறை. அதுவும் இன்றைக்கு. கம்பளிக் கிடங்கு அவர் கண்முன்னே வந்து நின்றது.

வேதவல்லி மதிப்பெண் தாளைத் தொடை மேல் வைத்து, ஒரு கட்டத்தில் பெரிதாகப் பூஜ்யம் போட்டார். கோடு அழுத்தமாக விழுந்தது.

தொலைபேசி அடித்தது.

நெல்லையப்பன் எடுத்தார். மறுமுனையில் சலசலப்பு. யாரோ இருமினார்கள். யாரோ யாரையோ திட்டினார்கள்.

"சார், நாப்பத்தி மூணு பேரும் உள்ளதான் கெடக்கோம். எண்ணிட்டேன். ஒருத்தரும் தலயத் தூக்கல." சண்முகக்கனி கிசுகிசுப்பாகத்தான் பேசினாள், வானத்துக்குக் கேட்டுவிடும் என்பதுபோல. "கண்ணுல உப்புத்தண்ணி எரியுது. ராசாத்தியக்காவுக்கு மூட்டு மடங்க மாட்டேங்கு, அழுதாவ. ஒரு சத்தமும் இல்லியே சார். எந்திரிக்கலாமா?"

அறுநூற்றுப் பன்னிரண்டில் ஒன்றுகூட அவர் வாய்க்கு வரவில்லை. பேசும் பக்கத்தைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பினார். கண் கலங்கியிருந்தது.

"மேடம், அவங்க எந்திரிக்கலாமான்னு கேக்குறாங்க. நான் என்ன சொல்லட்டும்?"

வேதவல்லி பூஜ்யம் போட்ட அதே தாளின் அடியில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

"என்னை ஏன் கேக்குறீங்க, மேஜர்? அவங்க உக்காந்திருக்கிறது உங்க பேச்சைக் கேட்டு."