சாமிக்கு உடம்பு சரியில்லை

மலையடிவாரத்தில் சின்னதாக ஒரு மடம். நடத்தி வந்தவர் ஆவுடைநாத சாமி. வயது நாற்பதைத் தொடவில்லை. சீடர்களில் பலர் அவரைவிட மூத்தவர்கள். அவர்களில் ஒருவர் பூதலிங்கம்.

பூதலிங்கம் முன்பு டவுன் பஸ் ஓட்டியவர். ஒரே மகன் பைக்கில் போகும்போது லாரியில் அடிபட்டு இறந்துபோனான். அதன் பிறகு வேலையை விட்டுவிட்டு மடத்துக்கு வந்துவிட்டார். சமையல் அவர் பொறுப்பு. ருசியாகச் சமைப்பார், யாரிடமும் கோபப்பட மாட்டார். மகனைப் பற்றி மட்டும் பேச மாட்டார். ராத்திரியில் தூங்கவும் மாட்டார். அவரைத் துறவுக்கென்றே பிறந்தவர் என்று மற்றவர்கள் சொல்லிக்கொண்டார்கள்.

அந்த வருஷம் மழை ஓய்ந்த சமயத்தில் சாமியிடம் ஒரு மாறுதல் தெரிந்தது. சாயங்காலம் பேசுவதை நிறுத்திவிட்டார். இலையில் வைத்த சோறு வைத்தபடி கிடந்தது. யார் வந்து விழுந்து கும்பிட்டாலும் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

"சாமி மௌனத்துல இருக்காங்க. சாமானியப்பட்டவங்களுக்கு வாய்க்காத நிலை" என்றார்கள் வந்தவர்கள். பேச்சு பரவியது. பக்கத்து ஊர்களிலிருந்து வேன் பிடித்து வந்தார்கள். மாலைகள் குவிந்தன.

பூதலிங்கமும் அப்படித்தான் நம்பினார். ஒரு நாள் காலையில் காப்பி கொண்டுபோனபோது சாமி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். தலையணை நனைந்திருந்தது.

"சாமி?"

"எந்திரிக்க முடியலை அண்ணாச்சி."

"காய்ச்சலா?"

"இல்ல. எந்திரிச்சு என்ன ஆகப்போகுதுன்னு இருக்கு. நேத்து கிணத்தடியில ரொம்ப நேரம் நின்னேன். தண்ணி எடுக்கப் போகலை."

பூதலிங்கம் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"என்னை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க" என்றார் சாமி. "மனசுக்குப் பாக்குற டாக்டர்."

"ஊருக்குத் தெரிஞ்சா என்ன சொல்லுவாங்க சாமி? மதுரைக்குப் போயிருவோம். அங்க நம்மள யாருக்கும் தெரியாது. காவியை மாத்திட்டு வெள்ளை கட்டிக்கிடுங்க."

"மதுரை தூரம். எனக்கு இன்னிக்கே போகணும்."

பக்கத்து டவுனுக்குப் பஸ்ஸில் போனார்கள். சாமி காவியை மாற்றவில்லை. பெரியாஸ்பத்திரியில் மனநலப் பிரிவின் வாசலில் பெஞ்சு போட்டிருந்தது. இருவரும் உட்கார்ந்தார்கள். பூதலிங்கம் துண்டால் முகத்தைத் துடைக்கிற மாதிரி மறைத்துக்கொண்டே இருந்தார்.

சர்க்கரை மாத்திரை வாங்க வந்த ஓர் அம்மாள் அந்த வழியாகப் போனாள். மடத்துக்கு அடிக்கடி வருகிறவள். காவியைக் கண்டதும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டாள். கதவுக்கு மேல் இருந்த பலகையைப் படித்தாள்.

"இங்க யாருக்கு சாமி?"

சாமி வாய் திறப்பதற்குள் பூதலிங்கம் முந்திக்கொண்டார். "எனக்குத்தாம்மா. சாமி துணைக்கு வந்திருக்காங்க."

அவள் உச்சுக்கொட்டிவிட்டுப் போனாள்.

உள்ளே இருந்த டாக்டரம்மா நிதானமாகக் கேட்டாள். தூக்கம் எப்படி, பசி எப்படி, செத்துவிடலாம் என்று தோன்றுகிறதா. பல்வலிக்காரன் எந்தப் பல் என்று காட்டுவதைப் போல சாமி ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். கிணற்றடியையும் சொன்னார்.

"மாத்திரை வேலை செய்யக் கொஞ்ச நாள் ஆகும். பாதியில நிறுத்தக் கூடாது. அடுத்த வாரம் கட்டாயம் வரணும். அதுவரைக்கும் தனியா இருக்க வேண்டாம். கூட யாரு இருப்பாங்க?"

"நான் இருப்பேம்மா" என்றார் பூதலிங்கம்.

டாக்டரம்மா அடுத்த ஆளைக் கூப்பிடப் போனாள். சாமி எழுந்திருக்கவில்லை.

"அம்மா, வெளிய ஒருத்தங்ககிட்ட இவரு, தனக்குத்தான் சீக்குன்னு சொன்னாரு."

பூதலிங்கத்துக்கு முகம் சுண்டிப்போனது. "சாமி பேரு கெட்டுறக் கூடாதுன்னு சொன்ன பொய்ம்மா அது."

"பொய்யான்னு எனக்குத் தெரியலை" என்றார் சாமி. எழுந்து, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினார். "உக்காருங்க அண்ணாச்சி."

பூதலிங்கம் உட்கார்ந்தார்.

"நல்லாத் தூங்குறீங்களா?" என்று கேட்டாள் டாக்டரம்மா.

தூங்குகிறேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தார். அதற்குப் பதிலாக அழுகை வந்தது. துண்டை வாயில் வைத்து அழுத்தியும் நிற்கவில்லை. சாமி அவர் தோளைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றார்.

திரும்பி வந்தபோது மடத்து வாசலில் வேன் நின்றது. மாலையோடு காத்திருந்த ஒருவர், "மௌனத்துல சாமி என்ன கண்டீங்க?" என்று கேட்டார்.

"எனக்கு மனசு சரியில்லைய்யா. டாக்டரைப் பார்த்துட்டு வர்றேன்" என்றார் சாமி.

வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அடுத்த வாரம் வேன் வரவில்லை. மாலைகளும் வரவில்லை. சீடர்களில் சிலர் வேறு மடம் தேடிப் போனார்கள். பெஞ்சருகே விசாரித்த அம்மாள் மட்டும் ஒருநாள் வந்து, தன் மகளுக்கும் அந்த டாக்டரம்மாவைப் பார்க்கலாமா என்று கேட்டுவிட்டுப் போனாள்.

பூதலிங்கம் சாமியின் அறையிலேயே பாய் போட்டுக்கொண்டார். கிணற்றுக்கு மரமூடி செய்து போட்டார். மாத்திரையைக் கையில் கொடுத்து, விழுங்குகிறவரைக்கும் நின்று பார்த்தார். கொஞ்சம் கொஞ்சமாகச் சாமிக்குச் சோறு இறங்கியது. ஒரு நாள் ரசத்தில் உப்புக் குறைவு என்றார். பூதலிங்கத்துக்கு அன்றைக்குக் கால் தரையில் பாவவில்லை.

பிறகு ஒரு காலையில் சாமி சமையற்கட்டுக்கு வந்தார். பூதலிங்கத்துக்கு எதிரில் உட்கார்ந்து அவரைக்காய்க்கு நார் எடுக்கத் தொடங்கினார்.

"டாக்டரம்மா உங்களுக்குக் குடுத்த மாத்திரையைச் சாப்பிடுறீங்களா அண்ணாச்சி?"

"இல்ல சாமி."

"ஏன்?"

பூதலிங்கம் அரிவாள்மனையை ஒதுக்கி வைத்தார்.

"தூங்கிட்டா அவனை மறந்துருவேனோன்னு இருக்கு சாமி. வேற என்ன செய்ய முடியும் அவனுக்கு? முழிச்சாவது இருக்கேன்."

சாமி ஒரு காயை முடித்துவிட்டு அடுத்ததை எடுத்தார்.

"பேரு என்ன?"

"இசக்கிராஜா."

அந்தப் பெயரை அவர் வாயால் மடத்தில் யாரும் கேட்டதில்லை.

"அவனைப் பத்திச் சொல்லுங்க."

பூதலிங்கம் சொன்னார். தொடங்கியதும் நிறுத்த முடியவில்லை. டிப்போவுக்கு வந்த போனைச் சொன்னார். ரோட்டில் கிடந்த ஒற்றைச் செருப்பை, ஆம்புலன்சுக்கு வழிவிடாத கூட்டத்தை, உதட்டைப் பிதுக்கிய டாக்டரைச் சொன்னார். டூட்டிக்குப் போகிற அவசரத்தில் பைக் சாவியைக் கொடுத்துவிட்டேன், வீட்டில் இருந்திருந்தால் கொடுத்திருக்கவே மாட்டேன் என்றார். போர்த்தியிருந்த வெள்ளைத் துணியில் எந்தப் பக்கம் ஈரம் ஊறியிருந்தது என்பது வரைக்கும் சொன்னார்.

பூதலிங்கம் முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டதும் சாமி சொன்னார்:

"இது அவன் செத்த நாளு அண்ணாச்சி. நான் கேட்டது அவனைப் பத்தி."

முதலில் எதைச் சொல்வது என்று பூதலிங்கத்துக்குத் தெரியவில்லை. சாமி காத்திருந்தார்.